வடக்குச் சுவர்

செப்டம்பர் 24, புதன்

400. ஆஸ்பத்திரியில் இருக்கும் மனைவியின் ரத்த வெள்ளணு எண்ணிக்கை.

செப்டம்பர் 25, வியாழன்

படுக்கையறை பீரோவை நகர்த்தினேன். வீடு கட்டிக் குடிவந்த 1996-லிருந்து சுவரோடு ஒட்டியே நின்ற பீரோ. பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. தரையிலிருந்து ஜன்னல் உயரம் வரை பூசணம் பூத்துக் கிடக்கிறது. தொடப் போனவன் கையை இழுத்துக்கொண்டேன்.

அம்மா வீட்டுக்கு வருமுன் என்று சின்ன மகள் அனுப்பிய பட்டியலில் முதல் வரியே அதுதான். ஈரச் சுவர் கூடாது. அப்புறம் பூ கூடாது, தொட்டிச் செடி கூடாது, தூசி கூடாது, புறா கூடாது. புறாவுக்கு யார் போய்ச் சொல்வது?

மனைவி கட்டிலின் தலைமாடு இந்தச் சுவர் பக்கம்தான். இதனாலோ என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. டாக்டரைக் கேட்டால் இல்லை என்பார். கேட்கவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

ஒட்டடைக் கொம்பை எடுத்த நேரத்தில் போன். என்ன செய்கிறீர்கள் என்றாள். சொன்னேன். "இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க. செவ்வாயும் வெள்ளியும் ஒட்டடை அடிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மூச்சில்லை. இதற்கு மட்டும் இருக்கிறது. கொம்பைக் கதவு மூலையில் சாத்திவிட்டேன்.

செப்டம்பர் 27, சனி

அடித்தேன். கூடம், ரெண்டு அறை, பூஜை அலமாரி, மாடிப்படிக்குக் கீழே. மேலேயிருந்து கீழே வரணும், தரையை முதலில் பெருக்கினால் ரெண்டு வேலை என்று அவள் சொன்னதைக் கேட்காமல் தரையை முதலில் பெருக்கினேன். ரெண்டு வேலை.

ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி உருவினால் தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. இதை அவள் எத்தனை வருஷமாகச் செய்கிறாள் என்று தெரியவில்லை. நான் பார்த்ததே இல்லை.

பரணில் கொலுப் பெட்டிகள் மூன்று. பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மேலே சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். 'செட்டியார், மூக்கு உடைஞ்சது, திருப்பி வைக்கவும்.' பெட்டியைத் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். எதிர்வீட்டு அக்கா, இந்த வருஷம் கொலு இல்லையா சார் என்றார். இல்லை என்றேன். அவர் வேறு எதுவும் கேட்காதது நல்லதாகப் போயிற்று.

செப்டம்பர் 28, ஞாயிறு

அதே 400.

செப்டம்பர் 29, திங்கள்

கொத்தனார் வந்தார். மொட்டைமாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். தட்டோடுகளுக்கு நடுவே பூசிய சிமென்ட் பாதிக்கு மேல் பெயர்ந்திருக்கிறது. அதில் தண்ணீர் இறங்கி, கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட தளம் குடித்துக்கொண்டே இருக்கிறதாம். மழை நின்றபிறகும் பத்து நாள் சுவர் வழியே இறங்குமாம். "உங்க சுவர் ஓதம் கீழேருந்து ஏறலை சார், மேலேருந்து எறங்குது." நான் பெயின்டரைக் கூப்பிட இருந்தேன். அடித்திருந்தால் தைக்குள் பெயின்ட் தோல் தோலாக உரிந்திருக்கும்.

பிறகு வடக்குப் பக்கம் எட்டிப் பார்த்தவர், கைப்பிடிச் சுவருக்கு வெளியே கையைக் காட்டினார். அரசங்கன்று. முழங்கை நீளம் இருக்கும். நாலைந்து இலை, காற்றே இல்லாதபோதும் ஆடிக்கொண்டிருக்கிறது. நேர் கீழே அந்தக் கறுப்புச் சுவர்.

"காக்கா போட்ட விதை. பிடுங்கினா வேர் உள்ளேயே தங்கும், மறுபடி துளுக்கும். செங்கல்லைப் பெயர்த்துத்தான் எடுக்கணும்."

எடுங்கள் என்றேன்.

"அரசு சார். நான் கை வைக்கமாட்டேன். பூஜை முடியட்டும், வேற ஆள் சொல்றேன். இல்லேன்னா வேர்ல ஓட்டை போட்டுப் பெருங்காயத்தை அடைச்சு விடுங்க, தானா கருகிடும்."

எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு. முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தியவன். அரச மரத்தை வெட்டினால் வம்சம் தழைக்காது என்று அப்பா சொன்னபோது சிரித்திருக்கிறேன். இன்று ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். கன்று பிழைத்தால் சுவர் நனையும். சுவர் நனைந்தால் அவள் வரமுடியாது. இவ்வளவுதான் கணக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் இந்த மாதத்தில், இந்த வருஷத்தில், உயிரோடு இருக்கிற ஒன்றை என் கையால் கருக்கிவிட்டு மறுநாள் காலை போனில் எண் கேட்க வேண்டுமே. அப்போது எண் இறங்கியிருந்தால்?

இதை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

பெருங்காயம் விலை கேட்டேன். வாங்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அரிவாள்மனை, கிரைண்டர், அவளுடைய தையல் மெஷின், என் சைக்கிள், ஒட்டடைக் கொம்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் படம் அனுப்பினேன். கடப்பாரைக்கு மட்டும் வைக்கவில்லை. அவள் அதைத்தான் கவனித்தாள். "கடப்பாரை எங்கே?" தேடணும் என்றேன். கன்று விஷயத்தைச் சொல்லவில்லை.

அக்டோபர் 4, சனி

முட்டாள்தனம். குளியலறைப் பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் தூவி ஊறவிட்டு, கறை போகவில்லை என்று அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டேன். பொங்கிக்கொண்டு வந்தது. தொண்டையில் கத்தி வைத்தாற்போல் இருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டே கொல்லைக்கு ஓடி, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அரைமணி நேரம் இருமினேன்.

குளோரின். 1915-ல் போரில் திறந்துவிட்ட அதே வாயு. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொன்னவன் நான்தான்.

சாயந்திரம் குரல் கட்டியிருந்தது. "அழுதீங்களா?" என்றாள். தூசி என்றேன். நம்பினாளா தெரியவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

700. ஏறுகிறது. 1500 வந்தால் ஒரு வாரம் வீட்டுக்கு விடுவார்களாம்.

அக்டோபர் 8, புதன்

மாடித் தொட்டியைக் கழுவினேன். நகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வந்த பெண், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பக்கவாட்டைத் தேய்க்கணும் என்றார். டெங்கு கொசுவின் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்குமாம். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். கடுகைவிடச் சிறிசு. தேங்காய் நாரால் மூன்று முறை தேய்த்தேன்.

2003-ல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்றபோது போட்ட மழைநீர்க் குழி, இப்போது ஜல்லியும் சேறும் ஒரே கட்டி. அதைத் தோண்ட ஆள் பிடிக்கணும். தொட்டிச் செடி பதினாறையும் எதிர்வீட்டு அக்கா எடுத்துக்கொண்டார். குண்டுமல்லியை மட்டும் திருப்பித் தரணும் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

கன்றை எடுத்தாயிற்று. கொத்தனார் அனுப்பிய பையன், இருபத்தைந்து வயசிருக்கும், சாரம் கூடக் கட்டாமல் ஏணியில் நின்று ரெண்டு செங்கல்லைப் பெயர்த்தான். உள்ளே வேர் விரல் கனம். ஓட்டை வழியே ஒரு முழம் ஓடியிருந்தது. அறுக்காமல் எடு தம்பி என்றேன். "பத்திரமா எடுக்கிறதுக்கு இருநூறு கூட ஆகும்" என்றான். கொடுத்தேன்.

ஈரச் சாக்கில் சுற்றிக் காவிரிக் கரைக்குக் கொண்டுபோய், துலாக் கட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி நட்டேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு நாய் மட்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்றைக்கு முந்தின நாளே தட்டோட்டுக்கெல்லாம் புதிதாகச் சாந்து பூசி முடித்துவிட்டார்கள். தண்ணீர் கட்டிப் பார்த்துவிடலாம் என்றார் கொத்தனார். இன்று காலை மழைநீர்க் குழாய் வாயில் துணிப்பந்தை அடைத்து, மாடி முழுக்க ரெண்டு விரற்கடை தண்ணீர் நிறுத்தினோம். நாளை காலை வரை நிற்கணும்.

அவள் கட்டிலில், அவள் இடத்தில் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணி 1:40. தலைக்கு மேல் ஒரு குளமே நிற்கிறது. இதுவரை ஒன்றுமில்லை. ஒரு கறை பெரிதானாற்போல் தெரிந்தது. பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுவைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

கோட்டைத் தாண்டவில்லை. 1100.

அக்டோபர் 15, புதன்

பூசணத்தை உலர்ந்தபடி சுரண்டக் கூடாது, பறந்துவிடும். நனைத்து, துடைத்து, துணியைக் கட்டித் தூரப் போட்டேன். பெயின்ட் தைக்குப் பிறகுதான், இப்போதைக்குச் சுண்ணாம்பு. சுட்ட கிளிஞ்சல் கிடைத்தது. பானையில் தண்ணீர் விட்டதும் கொதித்து எழுந்தது. காரம் என்பதால் பூசணம் அண்டாது. காய்கிறபோது காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிவிடும். கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்தேன். நீலம் அதிகமாகிவிட்டது. சுவர் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. படம் அனுப்பினேன். "ஐயே" என்று ஒரு வார்த்தை, கூடவே சிரிக்கிற பொம்மை.

பீரோவை ஒரு சாண் தள்ளியே வைத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவிப்பு. இங்கே இன்னும் வெயில். இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டு எடுத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

எண் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

அக்டோபர் 18, சனி

ஐப்பசி ஒன்று. விடியற்காலை மூன்று மணியிலிருந்து மழை. வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருக்கிறது. ஈரமா, குளிர்ச்சியா, தெரியவில்லை. காகிதத்தை ஒட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பென்சில் கோடு அப்படியே இருக்கிறது.

சொட்டுகிற சத்தம் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. கூடத்தில் இல்லை. குளியலறைக் குழாய் இறுக்கமாகத்தான் மூடியிருக்கிறது. சமையலறையில், எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மேலே. இது புது இடம். அடியில் குண்டானை வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். விடிந்ததும் கொத்தனாருக்கு