ஐயாறப்பா!

கடைசி நாளுக்கென்று எந்தக் கோயிலையும் நாங்கள் குறித்து வைக்கவில்லை. இரவு திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம். கும்பகோணத்து விடுதியில் விடிகாலையிலேயே பெட்டிகளைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தோம். 47 நாள் ஊர் சுற்றினால் என்னென்ன சேரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ராமேசுவரத்து மணலைப் பிரயாகையில் சேர்த்துவிட்டு, அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்த பிறகும், வாய் அடைத்த கங்கைச் சொம்புகள் ஆறு மிச்சம் இருந்தன. கிள்ளானில் இருக்கும் சொந்தங்களுக்கு. அப்புறம், எந்தப் பெட்டியிலும் நுழையாத ஒரு மூங்கில் கம்பு.

கம்பு கௌரிகுண்டத்தில் வாங்கியது. கேதாரநாத்துக்கு அங்கிருந்து 16 கிலோமீட்டர் மலை ஏற வேண்டும். ஜங்கிள் சட்டி வரை போனோம், அதற்குள் என் கணவருடைய வலது முழங்கால் பலாப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. குதிரையில் ஏறச் சொன்னேன், டோலி பார்க்கலாம் என்றேன். மனுஷன் ஒத்துக்கொள்ளவில்லை. “நடந்து போய்ப் பார்க்கணும்னுதானே வேண்டிக்கிட்டேன்” என்றார். திரும்பிவிட்டோம். அன்றிலிருந்து காசியில் கங்கா ஆரத்தி பார்த்தாலும் சரி, சிதம்பரத்தில் நடராசரைப் பார்த்தாலும் சரி, இரவு படுக்கும்போது “கேதாரம் விட்டுப்போச்சு” என்று ஒரு வரி வரும்.

கம்பை விடுதியிலேயே விட்டுவிடலாம் என்று நான் சொன்னதற்குப் பதில் வரவில்லை. “திருவையாறு போற வழியா?” என்று கார் ஓட்டும் தம்பியைக் கேட்டார்.

திருவையாற்றுக்கும் எங்களுக்கும் ஒரு நூல் உண்டு, மெல்லிய நூல்தான். அவருடைய தாத்தா யுத்தத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்தவர். ஊர் எது என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. காகிதத்தில் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்று மட்டும் இருக்கிறது. ஆனால் தாத்தா உட்கார்ந்தாலும் எழுந்தாலும், திருவையாற்றுச் சிவன் பேரைச் சொல்லி, “ஐயாறப்பா” என்பாராம். ரப்பர் தோட்டத்தில் அவரைக் கூப்பிடும் பேரே அதுவாகிவிட்டதாம்.

கபிஸ்தலம், கணபதி அக்ரகாரம், திருப்பழனம் என்று கார் போனது. கார்த்திகை மாதம். சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் ஒரே பச்சை, காவிரியில் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. புஷ்ய மண்டபத் துறையில் இறங்கிக் காலை நனைத்தோம். பிரயாகை நினைவு வந்தது எனக்கு. அங்கே வேணி தானம் என்று ஒன்று உண்டு. கணவன் மனைவிக்குத் தலை பின்னி, நுனியைக் கத்தரித்துச் சங்கமத்தில் விட வேண்டும். கல்யாணமாகி 38 வருஷத்தில் அன்றைக்குத்தான் என் தலையைத் தொட்டுப் பின்னினார். பின்னலா அது, தேங்காய் நார்க் கயிறு! காவிரிக்கரையில் அதைச் சொல்லிச் சிரித்தால், “மறுபடி பின்னட்டுமா?” என்கிறார்.

ஐயாறப்பர் கோயிலில் கருவறையைச் சுற்றி வர விடுவதில்லை. பின்புறம் ஈசனின் சடை விரிந்து கிடக்கிறது, மிதிக்கக் கூடாது என்பது ஐதீகம். கும்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். “இங்கேயும் திரும்பறதுதானா?” என்று முணுமுணுத்தார். அறம்வளர்த்த நாயகியைப் பார்த்தோம். தெற்கு வாசலில் ஆட்கொண்டார் சந்நிதிக்கு முன்னால் குங்கிலியம் புகைந்துகொண்டிருந்தது. ராஜராஜனின் பட்டத்தரசி லோகமாதேவி கட்டிய வடகயிலாயமும் இதே மதிலுக்குள்தான் இருக்கிறது. அங்கே ஒரு நிழலில் உட்கார்ந்தோம்.

பக்கத்தில் பெரியவர் ஒருவர் தேவாரப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலே, ‘மாதர்ப் பிறைக்கண்ணி யானை’ பாடிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பதிகத்தின் கதையை என் கணவருக்குச் சொன்னேன். அப்பருக்குக் கயிலாயம் பார்க்க ஆசை. காளத்தியிலிருந்து புறப்பட்டுக் காசியும் தாண்டிப் போய், பாதம் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, கடைசியில் புரண்டு புரண்டு போனார். முனிவர் வேடத்தில் வந்த ஈசன் திரும்பிப் போகச் சொன்னபோதும், கயிலைநாதனைக் காணாமல் மீளேன் என்றார். அப்புறம் ஈசனே ஒரு குளத்தைக் காட்டி மூழ்கச் சொல்ல, அங்கே மூழ்கியவர் இங்கே ஐயாற்றில் எழுந்தார். எழுந்து பார்த்தால் களிறும் பிடியும், கோழியும் பெடையும், மயில், நாரை, கிளி, காளையும் பசுவும் என்று எல்லாம் ஜோடி ஜோடியாக வருகின்றன. ஒவ்வொரு ஜோடியும் அவருக்குச் சிவனும் சக்தியும். ‘கண்டேன் அவர்திருப் பாதம் கண்டறி யாதன கண்டேன்’ என்று 11 பாட்டிலும் அதே வரி.

“அப்போ அப்பரும் மலை ஏறலையா?”

“ஏறலை. சம்பந்தர் கேதாரத்தைப் பாடினதுகூடக் காளத்தியில நின்னுதான்.”

ரொம்ப நேரம் பேசாமல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாடி முடித்த பெரியவர் எங்கள் இருவரையும் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு என்னவோ போலிருந்தது. நாங்களும் கும்பிட்டோம்.

வெளிப் பிரகாரத்தில் ஒரு மூலை இருக்கிறது, அங்கே நின்று ‘ஐயாறா’ என்று கூப்பிட்டால் ஏழு தடவை எதிரொலிக்கும் என்பார்கள். காவிரி வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொண்ட சுந்தரர் கூப்பிட்டபோது பதில் குரல் கொடுத்த ஓலமிட்ட விநாயகரும் இந்த ஊர்தான். கூப்பிட்டால் பதில் வரும் ஊர்! பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சல் போட்டுவிட்டுப் போனதும், அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வீட்டில் பிள்ளைகளைக்கூட அதட்டாத மனுஷன், தொண்டை கிழியக் கத்தினார். “ஐயாறப்பா!”

ஏழெல்லாம் இல்லை. நான் எண்ணியவரை நாலு. நாலாவது, வயதானவர் யாரோ தூரத்தில் நின்று சொல்வது போலிருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது மாதிரி கோபுரத்தைப் பார்த்தேன்.

கடைத்தெருவில் அசோகா சாப்பிட்டோம். பாசிப்பருப்பை மசித்து நெய்யிலே கிண்டியது, வாழையிலையை விட்டு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இவருக்குச் சர்க்கரை உண்டு. கயையில் பிடித்த பண்டம் ஒன்றை விட வேண்டும் என்றதும், நான் மாம்பழத்தை விட்டேன். அவர் விட்டது பாகற்காய்! டுரியானை விடும் பேச்சே கிடையாது. அசோகாவை மட்டும் விடுவாரா?

திருக்காட்டுப்பள்ளி, கல்லணை வழியாகத் திருச்சி. கல்லணையைக் காருக்குள்ளிருந்தே பார்த்ததோடு சரி.

விமான நிலையத்தில் பெட்டிகள் எடைக்குள் அடங்கிவிட்டன. கம்பைத் தனியாகப் பிளாஸ்டிக் சுற்றி ஏற்றக் கட்டணம் கேட்டார்கள். கம்பின் விலையைப் போல இருபது மடங்கு.

“அதான் கயிலாயத்தையே பார்த்தாச்சே, இது எதுக்குங்க?” என்றேன்.

“பார்த்தாச்சு. அதுக்காக?” என்று பர்ஸை எடுத்தார். “அடுத்த வருஷம் வேணாமா?”

பெட்டிகள் போன பிறகு கம்பு மட்டும் தனியாக, பெல்ட்டில் குறுக்காகப் படுத்துக்கொண்டு உள்ளே போனது.