வீட்டுச் சூழலுக்கேற்ற அவசரகாலக் கத்திகளைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

புயலோ வெள்ளமோ வந்து, சில நாட்களுக்கு மின்சாரமும் போக்குவரத்தும் துண்டிக்கப்பட்டால் வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டபோது, தண்ணீர், மருந்து, விளக்கு ஆகியவற்றை விரைவிலேயே முடிவு செய்துவிட்டேன். அதிக நேரம் எடுத்துக்கொண்டது கத்திதான். ‘உயிர்காக்கும் கத்தி’ என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் முதுகில் ரம்பப் பற்களும், உள்ளீடற்ற பிடியும், அந்தப் பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் நூலும் கொண்டவை. பிடி உள்ளீடற்றதாக இருந்தால் அலகின் எஃகு பிடிக்குள் நீள்வதற்கு இடமில்லை. முழுச் சுமையும் அலகும் பிடியும் சேரும் ஒரே இடத்தில் விழுகிறது. கைவிட்டுவிடக் கூடாத நேரத்தில் கைவிட்டுவிடும் அமைப்பு அது. ஆகவே கத்திகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, என் வீட்டைச் சுற்றிக் கத்தி உண்மையில் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதை எழுதத் தொடங்கினேன்.

வாசலை அடைத்துக்கொண்டு விழும் கிளைகளை வெட்டி வழி உண்டாக்குதல், கூரை மேல் தார்ப்பாய் கட்டக் கயிறு அறுத்தல், முளைக்குச்சி சீவுதல், நனைந்த விறகைப் பிளந்து உள்ளிருக்கும் காய்ந்த பகுதியை எடுத்தல், கட்டுப் போடத் துணி கிழித்தல், உணவு தயாரித்தல் ஆகியவையே அந்தத் தாளில் இருந்தன. விலங்குகளோடு போராடுவதோ காட்டில் தனித்து வாழ்வதோ அதில் இல்லை. நெம்புவதும் தோண்டுவதும் இருந்தன. அவற்றை உடனே அடித்துவிட்டு, கடப்பாரை, மண்வெட்டி என்று வேறு பட்டியலுக்கு மாற்றினேன். கத்தி முனைகள் ஒடிவதற்கு நெம்புவதுதான் முதன்மையான காரணம். கத்தியின் எஃகு வெட்டுவதற்காகக் கடினப்படுத்தப்பட்டது, பக்கவாட்டில் வளைவதற்காக அல்ல.

பட்டியலைப் பார்த்ததும் ஒரே கத்தியால் எல்லாம் ஆகாது என்பது தெளிவாகிவிட்டது. பசுமையான செடிகொடிகளும் மெல்லிய கிளைகளும் நிறைந்த இடத்தில் நீளமான, மெல்லிய அலகுள்ள வெட்டுக்கத்தியே விரைவாக வேலை செய்யும். 30 முதல் 45 சென்டிமீட்டர் நீளமும், 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள அலகு வீசும் வேகத்தாலேயே வெட்டுகிறது. ஊசியிலை மரங்கள் நிறைந்த குளிர்ப் பகுதியில் வாழ்பவருக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. கத்தியின் முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளக்கத் தகுந்த, 10 முதல் 13 சென்டிமீட்டர் நீளமும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட உறுதியான கத்தியே அவருக்கு முதல் தேவை. என் சுற்றுப்புறத்தில் இரண்டு வேலைகளும் உண்டு என்பதால் வெட்டுக்கத்தி ஒன்று, நிலையான அலகுள்ள நடுத்தரக் கத்தி ஒன்று என்று முடிவு செய்தேன். கையின் தடிமனுக்கு மேற்பட்ட கிளைக்கு இவை இரண்டையும்விட மடக்கு ரம்பமே பாதுகாப்பானது. களைத்த கையால் கத்தியை வீசுவதைக் காட்டிலும் ரம்பத்தை இழுப்பதில் ஆபத்து மிகக் குறைவு.

அடுத்தது எஃகு. இதில் சொற்போர்களுக்குக் குறைவில்லை. ஆனால் சூழலை வைத்துப் பார்த்தால் கேள்வி எளிதாகிவிடுகிறது. 1095 என்ற தர எண் கொண்டது போன்ற கார்பன் எஃகில் ஏறக்குறைய 0.95 விழுக்காடு கார்பன் உண்டு, குரோமியம் கிட்டத்தட்ட இல்லை. எளிதில் கூர் ஏறும், ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயர் பெறக் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் வேண்டும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. வீட்டிலிருந்த பழைய கார்பன் எஃகுக் கத்தியையும் துருப்பிடிக்காத எஃகுக் கத்தி ஒன்றையும் உப்புநீரில் நனைத்துத் துடைக்காமல் அருகருகே வைத்தேன். காலையில் முதல் கத்தியின் வாயோரத்தில், அதாவது வெட்டும் விளிம்பில், ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வரிசையாகப் படர்ந்திருந்தன. விரல் நகத்தால் சுரண்டியபோது அந்த இடங்கள் சொரசொரத்தன. மற்றதில் நீர் காய்ந்த உப்புத்தடம் மட்டுமே இருந்தது. துரு முதலில் தின்பது மிக மெல்லிய பகுதியான வாயைத்தான் என்பதால், மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் பையில் கிடக்கப்போகும் கத்திக்கு, ஈரக்காற்று வீசும் என் இடத்தில், துருப்பிடிக்காத எஃகே தகும் என்று தீர்மானித்தேன். நாள்தோறும் கத்தியைக் கையாண்டு, துடைத்து, எண்ணெய் பூசி வைப்பவர்களும் வறண்ட நிலத்தில் வாழ்பவர்களும் கார்பன் எஃகைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

கடினத்தன்மையும் வேலையைப் பொறுத்ததே. நடுத்தரக் கத்திக்கு, எஃகின் கடினத்தன்மையைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 56 முதல் 60 வரை இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் கூர் நீடிக்கும், ஆனால் வாய் பொரியும், அதாவது சிறு சில்லுகளாக உடையும், வாய்ப்பும் கூடும். வெட்டுக்கத்திக்கு 50-ஐ ஒட்டியோ சற்று கூடுதலாகவோ இருந்தால் போதும். கல்லில் பட்டாலும் பொரியாமல் மடங்கும், பிறகு சாதாரண அரத்தாலேயே அதைச் சீர்செய்துவிடலாம்.

அலகின் எஃகு பிடியின் கடைசிவரை நீளும் அமைப்பே கட்டாயம் வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். விறகு பிளக்க வேண்டியிருந்ததால் நானும் அதையே எடுத்துக்கொண்டேன். ஆயினும் அதை விதியாகச் சொல்ல மாட்டேன். பின்லாந்தின் பாரம்பரியக் கத்திகளில் மெல்லிய எஃகுக் காம்புதான் பிடிக்குள் செல்கிறது. சுவீடனின் மோரா கத்திகள் பலவற்றிலும் எஃகு பிடியின் கடைசிவரை வருவதில்லை. குளிர்க்காடுகளில் அவை தலைமுறைகளாக உழைத்து வருகின்றன. கனமான வேலை இல்லாத வீட்டுக்கு அவை முற்றிலும் போதுமானவை, எடையும் குறைவு.

பிடியைத்தான் நான் மிகக் கவனமாகச் சோதித்தேன், ஏனெனில் விபத்து அங்கிருந்தே தொடங்குகிறது. கையில் சோப்பு நீரைத் தடவிக்கொண்டு, கடினமான மரத்துண்டு ஒன்றைத் தொடர்ந்து சீவிப் பார்த்தேன். வழவழப்பான, பளபளவென மெருகேற்றிய பிடியுள்ள கத்தியில், அழுத்தம் கூடக்கூட ஆள்காட்டி விரல் அலகை நோக்கி மெல்ல நகர்வது நன்றாகவே தெரிந்தது. விரலைத் தடுத்து நிறுத்த அங்கே எந்த மேடும் இல்லை. சொரசொரப்பான ரப்பர்ப் பூச்சும், முன்பக்கம் சிறிய தடுப்பும் உள்ள பிடியில் கை அசையவே இல்லை. ஆனால் விரல்களுக்கெனத் தனித்தனிப் பள்ளம் வெட்டிய பிடி, அளவு பொருந்தாத கைக்கு வலியைத்தான் தருகிறது. வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரும் இதே சோதனையைச் செய்த பிறகே முடிவெடுத்தோம். நெருக்கடியில் கத்தியை எடுப்பவர் வீட்டில் மிகச் சிறிய கை உடையவராகவும் இருக்கலாம் அல்லவா?

மூன்றாவதாக ஒரு மடக்குக்கத்தி வாங்கினேன். திறந்த அலகு பூட்டிக்கொள்ளும் வகை. உணவுக்கும் சில்லறை வேலைகளுக்கும் அது போதும்.

கூர் தீட்டத் தெரியாமல் இவற்றை வாங்கி வைப்பதில் பயனில்லை என்பதால் சாணைக்கல்லையும் சேர்த்தே வாங்கினேன். ஒரு பக்கம் 400 (சொரசொரப்பானது), மறுபக்கம் 1000 (மென்மையானது) என்ற துகள் எண் கொண்ட இருமுகக் கல் வீட்டுத் தேவைக்குப் போதுமானது. அலகைக் கல்லின் மேல் ஏறத்தாழ 20 பாகையில் சாய்த்து, அந்தச் சாய்வு மாறாமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி வெளிப்புறமாக வருடும்போது மெல்லிய பிசிர் ஒன்று தட்டுப்படும். அடி முதல் நுனி வரை அது எழுந்த பிறகே பக்கத்தை மாற்ற வேண்டும். பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, பழைய தோல் வாரில் முதுகை முன்னிறுத்தி இழுத்தால் பிசிர் நீங்கிவிடுகிறது. மழுங்கிய கத்திக்கு அதிக விசை தேவைப்படும், விசை கூடினால் வழுக்கும் என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் செய்து காட்டினேன்.

தோலுறை ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். தோல் பதனிடுவதில் சேரும் வேதிப்பொருள்கள் எஃகை அரிக்கவும் கூடும். ஆகையால் நீண்டகாலச் சேமிப்புக்கு நெகிழி உறையையே பயன்படுத்துகிறேன். அலகில் மிக மெல்லிய படலமாகக் கனிம எண்ணெய் பூசி, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் எட்டாத உயரத்தில், பூட்டிய பெட்டியில் அவை இருக்கின்றன. சாவி எங்கே என்பது பெரியவர்கள் அனைவருக்கும் தெரியும். அலகின் நீளத்துக்கும் பூட்டும் அமைப்புக்கும் வெளியில் எடுத்துச் செல்வதற்கும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும் என்பதால், வாங்குவதற்கு முன்பே என் பகுதியின் விதிகளைப் படித்துக்கொண்டேன். வீட்டு எல்லைக்கு வெளியே எந்தக் கத்தியையும் எடுத்துச் செல்வதில்லை.

அதே பெட்டியில், கத்திகளுக்கு மேலே, வெட்டுத் தாங்கும் கையுறைகளையும் கிருமிநீக்கிய கட்டுத்துணிச் சுருள்களையும் வைத்திருக்கிறேன். ஆழமாக வெட்டுப்பட்டால் முதலில் செய்ய வேண்டியது காயத்தின் மேல் நேராக, விடாமல் அழுத்திப் பிடிப்பதுதான். அதற்கான துணியை வேறோர் அறையில் தேடிக்கொண்டிருக்க முடியாது.