பள்ளிப் பையோடு வந்தவர்

சென்னையில் நான் தன்னார்வலராகப் போகும் பெண்கள் காப்பகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முகவரியை யாரிடமும் சொல்ல மாட்டோம். தேடி வரும் கணவர்கள் உண்டு.

போன மாதம் ஓர் அக்கா, மகனின் பள்ளிப் பையோடு வந்தார். உள்ளே புத்தகம் இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், பையனின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக், மாற்று உடை ஒன்று. ஒவ்வொன்றாக எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்துக் கிளம்ப எட்டு மாதம் ஆயிற்றாம். “ஏன் முன்னாடியே வரல?” என்று தயவுசெய்து யாரிடமும் கேட்காதீர்கள்.

முதல் இரண்டு நாள் நாங்கள் எதையும் கேட்பதில்லை. சூடான சாதம், ரசம், உள்தாழ்ப்பாள் உள்ள அறை. அந்தத் தாழ்ப்பாளை அவர் மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

அப்புறம்தான் சட்டம். ‘வீடு அவர் பேரில் இருக்கு, எனக்கு உரிமை இல்லை’ என்றே நம்பியிருந்தார். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, குடும்பமாக வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையைத் தருகிறது. இதற்கென அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

181 என்ற மகளிர் உதவி எண்ணை உங்கள் வீட்டு வேலைக்கு வருபவரிடமும் சொல்லிவையுங்கள். இரவிலும் எடுப்பார்கள்.

பையனுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. புதுப் பை வாங்க வேண்டும். பழையதை அக்கா கையிலிருந்து விடுவதாக இல்லை.