பத்துக்கு எவ்வளவு?

நாள்பட்ட வலிக்கான மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு மனப்பாடமான கேள்வி ஒன்று உண்டு. ‘கடந்த 24 மணி நேரத்தில் உங்களுக்கு இருந்த வலியை, சராசரியாகப் பார்த்தால், 0 முதல் 10 வரை எந்த எண்ணால் குறிப்பீர்கள்?’ 0 என்றால் வலியே இல்லை; 10 என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி. இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது, சர்க்கரைக்குப் பரிசோதனை இருக்கிறது. வலிக்கோ, நோயாளி வாய்திறந்து சொல்லும் அந்த எண்ணைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. கோடிக்கணக்கில் செலவழிக்கும் ஒரு ஆய்வின் முடிவு கடைசியில் அந்த எண்ணின்மேல்தான் நிற்கிறது என்பது, கணினியில் வரிசை வரிசையாக அதைப் பதிவு செய்யும்போது எளிதில் மறந்துபோகும்.

நான் அதிகம் பார்த்தது நீரிழிவால் கால் நரம்புகள் பழுதடைந்தவர்களை. மருத்துவர் அவர்களின் பாதத்தைப் பரிசோதிக்கும்போது உடனிருந்து குறித்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. 10 கிராம் விசையில் வளையும் மெல்லிய நைலான் இழையைக் கால் விரலில் வைத்து அழுத்தி, கண்ணை மூடியிருப்பவரிடம் ‘தெரிகிறதா?’ என்று கேட்பார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டு எலும்பின்மேல் வைப்பார். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாவுக்கு இழையும் தெரியவில்லை, அதிர்வும் தெரியவில்லை. ஆனால் இரவில் போர்வையின் ஓரம் அதே விரலில் உரசினால் நெருப்பு வைத்ததுபோல் எரிகிறது என்று, கால்மாட்டில் போர்வையை மடித்து ஒதுக்கிவிட்டுத் தூங்குகிறவர் அவர். தொடுவது தெரியாத காலுக்குத் துணி பட்டால் எப்படி வலிக்கும் என்று அவருடைய மகனுக்கே சந்தேகம். பழுதுபட்ட நரம்பு யாரும் தொடாமலேயே தானாகச் சமிக்ஞை அனுப்பும் என்பதையும், தண்டுவடம் அதைப் பெரிதாக்கி மூளைக்குக் கொடுக்கும் என்பதையும், மரத்துப்போவதும் எரிவதும் ஒரே காலில் சேர்ந்திருக்க முடியும் என்பதையும் மருத்துவர் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். மகனுக்கு விளங்கியதோ இல்லையோ, அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. தன்னை யாரோ நம்பினார்கள் என்ற தெளிவு அது.

மருந்து தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் அவர்கள் தினமும் எண்ணைக் குறிக்க வேண்டும். சராசரி 4 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் எங்கள் ஆய்வில் சேர முடியும். அந்த வரம்பை நாங்கள் வாய்தவறியும் சொல்வதில்லை. சொல்லிவிட்டால், சேர வேண்டும் என்ற ஆசையில் எண் தானாக மேலே ஏறிவிடும். பிறகு மருந்து எதுவானாலும் அது இறங்கும். அந்த இறக்கத்தை மருந்தின் பலன் என்று நாம் எண்ணிக்கொள்வோம்.

காகித நாட்குறிப்பு வைத்திருந்த காலத்தில் வேறொரு தொல்லை இருந்தது. 14 நாள் பதிவும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் அது காத்திருப்புக் கூடத்து நாற்காலியில் எழுதப்பட்டது என்று பார்த்தவுடனே தெரியும். 2002இல் வெளியான ஒரு ஆய்வில், நாள்பட்ட வலியுள்ளவர்களிடம் கொடுத்த காகித நாட்குறிப்பின் உறையில், திறப்பதையும் மூடுவதையும் பதிவுசெய்யும் ஒளி உணரியை அவர்களுக்குத் தெரியாமல் பொருத்திப் பார்த்தார்கள். குறித்த நேரத்தில் எழுதியதாகக் காட்டியது 90 விழுக்காடு. உண்மையில் அப்படி எழுதியது 11 விழுக்காடு. நேரத்தைத் தானே பதிவு செய்யும் மின்னணு நாட்குறிப்பில் அது 94. இதைப் படித்தபோது நோயாளிகள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. வலியோடு இருப்பவரை ஒவ்வொரு நாளும் வலியைப் பற்றி யோசிக்கச் சொல்கிறோம். அதைத் தள்ளிப்போடத் தோன்றுவது இயல்புதானே.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். போர்வையை ஒதுக்கித் தூங்கும் அந்த அம்மா மூன்றாம் வருகையில் ‘7’ என்றார். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டிருந்தது. யோசிக்காமல், “அடடா, குறையவே இல்லையா அம்மா?” என்று கேட்டுவிட்டேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு, “6ன்னு போட்டுக்கோ தம்பி” என்றார். வலி குறையவில்லை, என் முகம் வாடியதைப் பொறுக்காமல் ஒரு எண்ணைக் குறைத்துக் கொடுத்தார். நடந்ததை முதன்மை ஆய்வாளரிடம் சொல்லி, முதலில் சொன்ன 7ஐ அப்படியே வைத்து, நேர்ந்ததைக் கோப்பில் குறிப்பாக எழுதினோம். என்னைப் பயிற்சிக்குத் திரும்ப அனுப்பினார்கள், அதுவும் நியாயமே.

அன்புகூட இந்த வேலையில் அளவுக்கு மிஞ்சக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒப்பிடுவதற்காகச் சிலருக்குக் கொடுக்கும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை (பிளாசிபோ) தரும் நிவாரணம் வெறும் கற்பனை அல்ல. 1978இல், பல் பிடுங்கியவர்களிடம் செய்த ஆய்வு ஒன்றில், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது பிளாசிபோ தந்த நிவாரணம் மங்கியது. உடலே தன் வலிநிவாரணியைச் சுரக்கிறது என்ற எண்ணத்துக்கு அது வலுச் சேர்த்தது. எதிர்பார்ப்பே மருந்தாகும் இடத்தில், ஊக்கமூட்டும் என் ஒரு சொல், மருந்து பெறும் குழு, வெற்று மாத்திரை பெறும் குழு இரண்டின் எண்களையும் ஒருசேரக் கீழிறக்கி, நல்ல மருந்தைக்கூடப் பயனற்றதாகக் காட்டிவிடும். நரம்பு வலிக்கான மருந்துகளுக்கு வித்தியாசம் ஏற்கெனவே சிறியது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ப்ரீகேபலினை ஏறத்தாழ 8 பேருக்குக் கொடுத்தால், வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவருக்குத்தான் வலி பாதியாகக் குறைகிறது.

பதற்றக் கோளாறு ஆய்வுக்கு மாற்றப்பட்டபோது வேறு உலகத்துக்குப் போகிறேன் என்று நினைத்தேன். அங்கேயும் பழைய மருந்துகளே காத்திருந்தன. நரம்பு முனைகளில் கால்சியம் நுழையும் வாயில்களைப் பற்றிக்கொண்டு சமிக்ஞையைத் தணிக்கும் ப்ரீகேபலின், 2006இல் ஐரோப்பாவில் பொதுப் பதற்றக் கோளாறுக்கும் அனுமதி பெற்றது. செரட்டோனின், நார்அட்ரினலின் அளவைக் கூட்டும் டுலோக்ஸெட்டின், அமெரிக்காவில் 2004இல் நீரிழிவு நரம்பு வலிக்கும் 2007இல் பதற்றத்துக்கும் வந்தது. அளவுகோலில்தான் ஒரு சிக்கல். 1959இல் ஹாமில்டன் வகுத்த பதற்ற அளவுகோலில் 14 கேள்விகள், மொத்த மதிப்பெண் 56. அவற்றுள் தூக்கமின்மையும் உண்டு, தசை வலியும் உண்டு. வலியால் தூங்காதவர் பதற்றம் இல்லாமலேயே அதில் மதிப்பெண் ஏறுவார். பதற்றத்தால் கழுத்து இறுகியவர் தனக்கு வலிதான் நோய் என்பார். எது எதைப் பெற்றது என்று அந்தத் தாளை வைத்துப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை; பிரிக்க முடியும் என்று உறுதியாகச் சொன்னவர்களை நான் நம்பியதும் இல்லை.

இதற்கு முன்பே அந்த அம்மாவின் கடைசி வருகை முடிந்திருந்தது. மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் படிப்படியாகக் குறைத்து முடித்திருந்தார். அவருக்குக் கிடைத்தது மருந்தா வெற்று மாத்திரையா என்று அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது. கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு, மனப்பாடமான கேள்வியை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

“7தான் தம்பி,” என்றார்.

7 என்று பதிவு செய்தேன்.