2.10 தாண்டியாச்சு, பிளான்ட் மட்டும் இன்னும் படுத்துகிறது

போன வாரம் கோலூன்றித் தாண்டுதலில் 2.10 மீட்டர் தாண்டிவிட்டேன். பார் நன்றாகவே ஆடியது, ஆனால் விழவில்லை. ஆடினாலும் ஸ்டாண்டில் தங்கினால் தாண்டியதாகத்தான் கணக்கு, அதனால் யாரும் வாயைத் திறக்க முடியாது. 49 வயதில், கோல் கொஞ்சமும் வளையாமல், குட்டைப் பிடியில் தாண்டிய உயரம் என்பதால் மைதானத்துப் பையன்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரிக்கட்டும், எனக்கு இது பெரிய உயரம்தான். சந்தோஷம் அடங்குவதற்குள் பாரை 2.20-க்கு ஏற்றினோம், அடுத்த தாவலிலேயே பழையபடி கால் உள்ளே போய், கோல் என்னைப் பக்கவாட்டில் தள்ளி, மெத்தையின் ஓரத்தில் கொண்டுபோய்ப் போட்டது.

தெரியாதவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. நான் கல்லூரியில் நீளம் தாண்டியவள். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி, அப்போது பெரிய போட்டிகளில் பெண்களுக்குக் கோலூன்றித் தாண்டுதலே கிடையாது. உலக சாம்பியன்ஷிப்பில் 1999-லும் ஒலிம்பிக்கில் 2000 சிட்னியிலும்தான் சேர்த்தார்கள். ஆண்களின் பத்துப் போட்டி டெக்கத்லானில் கோல் உண்டு, நம் ஏழு போட்டி ஹெப்டத்லானில் இன்றைக்கும் இல்லை. பையன்கள் கோலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை மணல் குழி ஓரமாக நின்று பார்த்ததோடு சரி. அப்புறம் கல்யாணம், குழந்தைகள், புதுச்சேரியில் வேலை என்று காலம் ஓடிவிட்டது. 2014-ல் நம் வீராங்கனை சுரேகா 4.15 தாண்டியதைப் படித்தபோது லேசாக அரித்தது, 2022-ல் காந்திநகர் தேசிய விளையாட்டில் ரோஸி மீனா 4.20 தாண்டியபோது இனிமேல் பொறுக்க முடியாது என்று ஆகிவிட்டது. அமெரிக்காவில் ஃப்ளோ மைலர் என்ற அம்மா 65 வயதில்தான் கோலையே கையில் எடுத்தார், அதற்கப்புறம் தன் வயதுப் பிரிவில் உலக சாதனை வரை போனார். அந்தக் கணக்கில் நான் பச்சைக் குழந்தை.

சரி, பிளான்ட். அதாவது ஓடி வந்து கோல் நுனியைத் தரையில் பதித்திருக்கும் பெட்டிக்குள் ஊன்றுவது.

வலது கை மேலே பிடிப்பவர்களுக்குத் தாவும் கால் இடது. கடைசி மூன்று காலடி இடது, வலது, இடது. முதல் இடதில் இடுப்போரம் இருக்கும் வலது கை கிளம்ப வேண்டும், வலதில் காதருகே வந்திருக்க வேண்டும், கடைசி இடது தரையில் படுவதற்குள் இரண்டு கையும் தலைக்கு மேல் நீண்டு முடிந்திருக்க வேண்டும். சொல்லும்போது சுலபம்தான். என் உடம்பில் நீளம் தாண்டிய பழக்கம் ஊறிக் கிடக்கிறது. கடைசிக்கு முந்தின அடியை நீட்டி, இடுப்பைக் கொஞ்சம் தாழ்த்தி, கடைசி அடியைச் சுருக்கிப் பலகையில் அறைய வேண்டும் என்பது முப்பது வருஷம் கழித்தும் காலுக்கு மறக்கவில்லை. கோலோடு ஓடும்போதும் அதையே செய்கிறது. இடுப்பு தாழும் அதே நேரத்தில் கை மேலே போக வேண்டும், போவதில்லை. அடி நீண்டுவிடுவதால் தாவும் கால், மேல் கைக்கு நேர் கீழே நிற்காமல் பெட்டிப் பக்கமாக உள்ளே போய்விடுகிறது. அப்புறம் கோல் கையைப் பின்னால் இழுக்கும், உடம்பு முன்னால் போகும், நடுவில் மாட்டிக்கொண்டு அவஸ்தைப்படுவது தோள்பட்டையும் அடிமுதுகும்.

செல்போனை ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்து மெதுவாக ஓடும் வீடியோ எடுத்துப் பார்த்தபோதுதான் எவ்வளவு மோசம் என்று புரிந்தது. கோல் நுனி பெட்டிக்குள் சறுக்க ஆரம்பித்துவிட்டது, இடது பாதம் முழுக்கத் தரையில் படிந்துவிட்டது, வலது கை அப்போதுதான் நெற்றியருகே வருகிறது, முழங்கை மடங்கிக் கிடக்கிறது. அதிலிருந்து மேலே போவது எங்கே? பயிற்சி தரும் தம்பி (அவர் பட்டாளத்தில் டெக்கத்லான் ஆடியவர், என் தம்பியை விடச் சின்னவர்) பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க கோலை ஊன்றலை, கோல்ல போய் முட்டிக்கிறீங்க" என்றார். கோபம் வந்தது, ஆனால் வீடியோ அதைத்தான் காட்டியது.

தாவும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு எல்லோரும் செய்வதையே செய்தோம். கோல் நுனியைப் பெட்டியின் அடி மூலையில் வைத்து, பிடித்த இடத்திலேயே பிடித்து, மேல் கையை முழுக்கத் தூக்கி நிற்க வேண்டும், கைக்கு நேர் கீழே தரையில் குறி. கண்ணளவில் குறித்தால் ஆளுக்கு ஆள் அரை அடி மாறுகிறது, அதனால் வீடு கட்டும்போது வாங்கி வைத்திருந்த கொத்தனார் தூக்குக்குண்டை எடுத்துப்போய் மேல் கையின் மணிக்கட்டிலிருந்து தொங்கவிட்டேன். கோல் நுனியிலிருந்து பிடி 2.90 மீட்டர், தரையிலிருந்து கை 2.05, பெட்டியின் ஆழம் 0.20. பிதாகரஸ் கணக்குப் போட்டால் 1.83 வருகிறது, குண்டும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நின்றது. அந்த இடத்தில் சுண்ணாம்புத் தூள் போட்டுவிட்டு ஓடினால் என் ஷூ தடம் ஒவ்வொரு முறையும் குறிக்கு ஒரு சாண் உள்ளே. ஓட்டம் தொடங்கும் இடத்தைப் பின்னால் தள்ளினாலும் கடைசியில் கால் தானாக எட்டிப்போட்டு அதே ஒரு சாணைப் பிடித்துவிடுகிறது. காலைத் திருத்தப் பார்ப்பது வீண் என்று அங்கேதான் தெரிந்தது.

கை கிளம்புவதை முன்னால் கொண்டுபோனதுதான் வேலை செய்தது. கடைசி மூன்றில் கிளப்ப வேண்டிய கையை அதற்கும் ஒரு காலடி முன்னாலேயே கிளப்பச் சொன்னார் தம்பி. புத்தகப்படி இது தவறு, கோல் சீக்கிரம் தாழ்ந்துவிடும், வேகம் குறையும். ஆனால் கை முந்திக்கொண்டால் இடுப்பு தாழ முடியவில்லை, இடுப்பு தாழாவிட்டால் அடி நீள முடியவில்லை. ஆறே காலடி ஓட்டத்தில், அவர் பக்கத்தில் நின்று "இடது, கை, மேலே" என்று கத்த, நான் தாவ, குறி மேலேயே கால் விழுந்த நாளில் தோளில் இழுப்பே இல்லை. கோல் தானாக நிமிர்ந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனது. 2.10 அந்த ஆறு காலடி ஓட்டத்தில் வந்ததுதான். ஓட்டத்தை நீட்டினால், வேகம் ஏறினால், பழைய கால் மறுபடி விழித்துக்கொள்கிறது. 2.20-ல் நடந்தது அது.

ஏன் இதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு எரிகிறது. நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடினால், அது முழுக்க உயரமாக மாறினால், உடம்பை 1.8 மீட்டர் தூக்கும். என் இடுப்பு ஏற்கெனவே தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, சேர்த்தால் 2.70. முழுக்க மாறாது என்பது தெரியும், ஆனாலும் 2.10-க்கும் அந்தக் கணக்குக்கும் நடுவே இருப்பதில் பாதியையாவது பிளான்ட்தான் தின்கிறது.

வளைவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வளையாது, இப்போதைக்கு வளைய வேண்டியதும் இல்லை. என் கோல் 11 அடி, 130 பவுண்டு (கோலின் கனம் இல்லை, தாண்டுபவரின் எடைக்கான அளவு). என் எடை 56 கிலோ, அதாவது 123 பவுண்டு. கோலில் போட்டிருக்கும் எடை உச்சிக்குப் பக்கத்தில் பிடித்தால்தான் பொருந்தும், நான் உச்சியிலிருந்து 45 செ.மீ. கீழே பிடிக்கிறேன், அப்படிப் பிடித்தால் கோல் இன்னும் விறைப்பாகிவிடும். இழுத்து வளைக்க முயன்றால் கீழ்க் கை மடங்கி நெஞ்சில் வந்து இடிக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கோல் கிடைத்த கதை தனிப் புலம்பல். முதலில் கோல் இல்லாமல் சும்மா மணலில் பழகலாம் என்று சவுக்குக் கழி வாங்கினேன். நம் கடலோரத்தில் சவுக்குக்கா பஞ்சம். ஆனால் பாகூர் தாண்டுவதற்குள் தோள் இறங்கிவிடும் கனம், அடி பெருத்து நுனி சிறுத்து இருப்பதால் ஓடும்போது தலையைத் தூக்கவே முடியாது. அப்புறம் சாரம் கட்டும் கடையில் ஒரு மூங்கில், உள்ளே கூடு என்பதால் எவ்வளவோ தேவலை. மூங்கிலைக் கேவலமாக நினைக்க வேண்டாம், 1942-ல் அமெரிக்க வீரர் வார்மர்டாம் 4.77 தாண்டியது மூங்கில் கோலில்தான், இறங்கியது இந்தக் கால மெத்தையிலும் இல்லை. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஈர மணலில் அதை வைத்து நடந்து ஊன்றிப் பழகியபோது வலை காய வைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "படகு எங்கம்மா, கழியை மட்டும் எடுத்துக்கிட்டு வந்திருக்க?" என்று கேட்டார். கணு ஓரமாகக் கீறல் விட்டதும் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். மூங்கிலில் குறைந்த பிடியில், மணலில் மட்டும்தான் செய்ய வேண்டும், பெட்டியில் வைத்துத் தாவக் கூடாது.

பைபர் கோலுக்கு ஒரு கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்தேன், பெயர் வேண்டாம். வந்தது எடை எழுதிய சீட்டைச் சுரண்டி எடுத்த பழைய கோல், நடுவில் நகம் மாட்டும் அளவுக்கு வெட்டு. பைபரில் வெட்டு இருந்தால் அங்கேதான் உடையும், அந்தரத்தில் இருக்கும்போது உடையும். திருப்பி அனுப்பினேன், முன்பணத்தில் பாதி அப்படியே போயிற்று. இப்போது வைத்திருப்பது வேறொரு மாநில வீராங்கனை விட்டுக்கொடுத்த, ஸ்பிரிட் என்ற பெயரில் விற்கும் பைபர் கோல். அதைக் கொண்டுவருவது பெரும்பாடு, 11 அடிக் குழாயைச் சாதாரண கூரியரில் ஏற்றமாட்டார்கள், சென்னையிலிருந்து குட்டி யானையில் வைக்கோல் கட்டு மேல் கட்டி வந்து சேர்ந்தது. டவுன் பஸ்ஸில் கேட்டுப் பார்க்கவே வேண்டாம்.

பிடிக்கு ஒரு குறிப்பு. புதுச்சேரியில் காலை ஆறு மணிக்கே கை வழுக்கும், சாக்பொடி தடவினால் நாலு தாவலில் களியாகிவிடுகிறது. மருந்துக்கடைத் துணி பிளாஸ்டரைப் பசைப்பக்கம் வெளியே தெரியும்படி ஒரே அடுக்காகச் சுற்றி, அதன்மேல் லேசாகப் பொடி. கோலில் வேர்வை பட்ட பிளாஸ்டரை இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள், பசை கோலில் ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும்.

பிளான்ட் இன்னும் முழுசாகக் கைக்கு வரவில்லை, அதற்குள் அடுத்த வேலையில் இறங்கிவிட்டேன். சறுக்கும் பெட்டி. டிராக்கிலோ சிமெண்ட் தரையிலோ வைத்து ஊன்றினால் பெட்டி நம்மோடு கொஞ்சம் சறுக்கிப் போகும், தோளில் அடி விழாது, மெத்தை இல்லாமலே பிளான்ட்டை மட்டும் பழகலாம். நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்தேன். நீளம் 1 மீட்டர், முன்பக்க அகலம் 60 செ.மீ., உள்ளே 15 வரை குறுகும், ஆழம் 20. பின் தகட்டைப் பட்டறைக்காரர் மூலைமட்டம் வைத்து நேராக 90 டிகிரியில் பற்றவைத்துவிட்டார். 105 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோல் நிமிரும்போது அடி மாட்டும். மகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்துப்போய் வைத்துக் காட்டிய பிறகு, "இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா" என்று வெட்டி மறுபடி ஒட்டிக்கொடுத்தார். தாளில் எழுதித்தான் கொடுத்திருந்தேன். இன்னும் ஓரங்களை ராவ வேண்டும், அடியில் ரப்பர் ஒட்டுவதா வேண்டாமா என்று யோசனை. ரப்பர் ஒட்டினால் சறுக்காது, ஒட்டாவிட்டால் டிராக்கைக் கீறும், மைதானத்துக் காவலாளி விடமாட்டார். பழைய கார்ப்பெட் துண்டு சரியாக வரும் என்று தோன்றுகிறது, யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

ஸ்டாண்டைப் பற்றியும் தம்பிக்கும் எனக்கும் தினம் வாக்குவாதம். விதிப்படி பாரைப் பெட்டியின் பின் விளிம்பிலிருந்து 0 முதல் 80 செ.மீ. வரை மெத்தைப் பக்கம் தள்ளி வைக்கலாம். கிட்டே வைத்தால் எனக்குச் சுலபமாகத் தெரிகிறது. அவர் 60-க்குக் குறைக்கவே மாட்டேன் என்கிறார், கிட்டே இருந்தால் உள்ளே போகாமல் செங்குத்தாகப் போய்ப் பெட்டி மேலேயே விழுவேனாம். அவர் சொல்வதுதான் சரி, ஆனாலும் 50 கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

அடுத்த வருஷம் 50 வயதுப் பிரிவுக்கு மாறுகிறேன், மூத்தோர் தடகளத்தில் ஐந்து ஐந்து வருஷமாகப் பிரிப்பார்கள் என்பதால் அந்தப் பிரிவில் நான்தான் சின்னவள். அதற்குள் எட்டு காலடி ஓட்டத்தில் கை முந்த வேண்டும். 10 அடி, 120 அல்லது 125 பவுண்டு கோல் கடலூர், விழுப்புரம் பக்கம் யாரிடமாவது சும்மா கிடந்தால் தெரிவியுங்கள், வெட்டு இல்லாததாக, எடைச் சீட்டு சுரண்டாததாக இருக்க வேண்டும். வண்டி நான் கொண்டுவருகிறேன்.