ஒன்பது ட்ராக்குகள், ஒரு தொகுப்பு: நாட்குறிப்பு

2025 மார்ச் 3, திங்கள்

நான் உருவாக்கிவரும் இசைத் தொகுப்பிலுள்ள ஒன்பது ட்ராக்குகளையும் இன்று தொடர்ச்சியாகக் கேட்டேன். தாளமே இல்லாத ஆம்பியன்ட், நிமிடத்துக்கு 87 அடிகளில் தளர்ந்து நடக்கும் ஹிப்ஹாப், 124இல் ஹவுஸ் என்ற நடன இசை, 174இல் டிரம் அண்ட் பேஸ் என்ற அதிவேக மின்னணு இசை என்று ஒவ்வொன்றும் தனியே நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்தடுத்து ஒலிக்கும்போது, யாரோ வானொலியின் அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கிறது. சொந்தமாக வெளியிடுவதால் ஏதேனும் ஒரு வகையைத் தேர்ந்துகொள்ளும்படி சொல்வாரில்லை. ஆகவே இவை ஏன் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன என்ற கேள்விக்கு ஒலியிலேயே பதில் தந்தாக வேண்டும்.

மார்ச் 5, புதன்

87இன் இரு மடங்கு 174. மெதுவான ட்ராக்கின் இறுதியில் ஹை-ஹாட்டை (டிரம் செட்டின் இரட்டைத் தாளத்தட்டை) மட்டும் இரட்டிப்பு வேகத்தில் ஓடவிட்டால், அடிப்படைத் துடிப்பு மாறாமலேயே கேட்பவர் டிரம் அண்ட் பேஸுக்குள் வந்துவிடுகிறார்; கர்நாடக இசையில் முதற்காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்கு நகரும் அதே கணக்கு. 124க்கு அப்படிப்பட்ட உறவு எதுவும் இல்லை. இடையில் ஆம்பியன்ட்டை வைத்ததும் காது பழைய வேகத்தை மறந்துவிடுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒலியைத் தேடியதில் டிஆர்-808க்கு வந்து சேர்ந்தேன். ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட இந்த டிரம் மெஷின், பதிவுசெய்த ஒலிகளைப் பயன்படுத்தாமல் அனைத்தையும் மின்சுற்றுகளாலேயே உருவாக்கியது; அசல் டிரம்மைப் போல் இல்லை என்று பலர் குறைகூறினர்; 1983இல் உற்பத்தி நின்றது. அதன்பின் பழைய பொருளாக மலிவாகக் கிடைத்ததால்தான் ஹிப்ஹாப்பிலும் டெட்ராய்ட் டெக்னோ என்ற மின்னணு நடன இசையிலும் அது குடியேறியது. அதன் கிக்கை (பெரிய டிரம்மின் கனத்த அடியொலியை) ஒவ்வொரு ட்ராக்கின் சுருதிக்கும் பொருத்தினேன்: ஹவுஸில் அது அடி, ஆம்பியன்ட்டில் நீண்டு முனகும் கீழ்ச்சுருதி.

அதைவிடப் பெரிய மாற்றம் ரிவெர்பில், அதாவது ஒலி ஓர் அறையில் எதிரொலித்து நீள்வதுபோல் காட்டும் விளைவில், கிடைத்தது. ஒவ்வொரு ட்ராக்கும் வெவ்வேறு மண்டபத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது; அனைத்தையும் ஒரே ரிவெர்ப் வழியாக அனுப்பியதும், வகை எதுவானாலும் இடம் ஒன்றே என்று காது ஏற்றுக்கொள்கிறது. இந்த எளிய உத்தியை விமர்சகர்கள் கலைப்பார்வை என்று எழுதக்கூடும், எழுதட்டும்.

மார்ச் 14, வெள்ளி

வினைல் இசைத்தட்டு தனக்கென்று விதிகளை வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் சுழலும் 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. வேகத்தில் ஊசியைக் கடக்கிறது. உள் விளிம்பில் அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடுவதால், உச்ச அதிர்வெண்கள் நெருக்கப்பட்டுச் சிதைகின்றன. ஹை-ஹாட் நிறைந்த 174ஐப் பக்கத்தின் கடைசியில் வைப்பது முறையன்று. நல்லவேளையாக, அங்கே ஏற்கெனவே ஆம்பியன்ட் இருக்கிறது. தட்டைத் திருப்பியதும் ஹவுஸ் தொடங்கும். ஊசி துள்ளாமலிருக்க, அடிநாதங்களை மட்டும் மோனோவாக்கினேன், அதாவது இடம் வலம் இரண்டிலும் ஒன்றாக ஒலிக்கச் செய்தேன்.

மார்ச் 17, திங்கள்

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஒலியளவைச் சுமார் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு) அளவுக்குச் சமன்செய்வதால், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரால் நசுக்கிச் சத்தத்தைக் கூட்டுவதில் பயனில்லை. ஆல்பமாகக் கேட்கையில் ட்ராக்குகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு அங்கே காக்கப்படுகிறது. எனவே ஆம்பியன்ட் தாழ்ந்தே ஒலிக்கும். அதற்காக ஒலியைக் கூட்டிவைத்திருப்பவர் அடுத்து அதிர்ந்துவிடக் கூடாதென்று, ஹவுஸின் தொடக்கத்தில் கிக்கை நீக்கிவிட்டு, 24 பிட் கோப்புகளை இறுதி ஒலிச்சீரமைப்பைச் செய்யும் மாஸ்டரிங் பொறியாளருக்கு அனுப்பினேன்.