கிறிஸ்துமஸ் தீவிலிருந்து கோக்கோஸுக்கு: தூரமும் நேரமும்

கிறிஸ்துமஸ் தீவு என்றதும் ஈழத்திலிருந்து படகில் போனவர்களை அடைத்து வைத்த முகாம்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இந்தியப் பெருங்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே இருக்கிற அந்த ஆஸ்திரேலியத் தீவிலிருந்து மேற்கே கோக்கோஸ் (கீலிங்) தீவுகளுக்குப் பறக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் விமான நிலையக் குறியீட்டைச் சரிபாருங்கள். கிறிஸ்துமஸ் தீவுக்கு எக்ஸ்.சி.எச்., கோக்கோஸுக்கு சி.சி.கே. தவறிப்போய் சி.எக்ஸ்.ஐ. என்று தட்டினால், பசிபிக்கில் கிரிபாட்டி நாட்டில் உள்ள இன்னொரு கிறிஸ்துமஸ் தீவு வந்து நிற்கும். அப்போது தூரம் 11,000 கி.மீ.க்கு மேல் காட்டும்.

சரியான தூரம் நேர்கோட்டில் சுமார் 985 கி.மீ. மணிக்கு 830 கி.மீ. வேகம் என்று வைத்தால் 71 நிமிடம். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதையில் உருள்வது எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி வரும். டிக்கெட்டில் இருப்பதோ வேறு மாதிரித் தெரியும். கிறிஸ்துமஸ் தீவின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னால், கோக்கோஸ் 6.30 மணி நேரம் முன்னால். ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு 2 மணிக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது மணி 3. திரும்பும்போது அதே பயணம் இரண்டு மணி நேரமாகத் தோன்றும். இந்த விமானங்கள் கிளம்பும் ஆஸ்திரேலிய நகரமான பெர்த்தின் கடிகாரம் இன்னும் முன்னால், 8 மணி நேரம்.

இந்தப் பயணத்தில் உண்மையான சிக்கல் உயரம்தான். கோக்கோஸ் ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து மூன்று மீட்டர்தான். 1945-ல் போருக்காகப் போட்ட பாதை அது. இன்று கோல்ஃப் மைதானம் அதைக் குறுக்கே கடக்கிறது. கிறிஸ்துமஸ் தீவின் நிலையமோ 279 மீட்டர் உயரத்தில், மேட்டுநிலத்தின் மேல் இருக்கிறது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைமேகம் தாழ்ந்துவிட்டால் கீழே துறைமுகம் தெளிவாக இருக்கும், மேலே ஓடுபாதை மேகத்துக்குள் மறைந்திருக்கும். பாதையிலேயே ஏற்ற இறக்கமும் உண்டு. விமானி வட்டமடித்துப் பார்ப்பார். மேகம் விலகாவிட்டால் வேறு நிலையத்துக்குத் திருப்ப வேண்டியதுதான். பக்கத்துப் பெரிய நகரம் ஜகார்த்தா, அதுவே ஏறக்குறைய 500 கி.மீ. பெர்த்துக்குத் திரும்புவதென்றால் 2,600 கி.மீ. அப்படித் திருப்ப நேர்ந்தால் தேவைப்படும் எரிபொருளையும் சுமந்துதான் வர வேண்டும் என்பதால், எடை மிஞ்சும் நாளில் பெட்டிகளும் சரக்கும் பின்தங்க நேரலாம். மருந்து, ஒரு மாற்றுத்துணி இரண்டையும் கைப்பையில் வையுங்கள்.

தினசரி விமானம் கிடையாது. பெர்த், இந்த இரு தீவுகள் என முக்கோணமாகச் சுற்றிவரும் சேவை வாரத்தில் சில நாட்கள்தான். எந்தத் தீவு முதலில் என்பது நாளைப் பொறுத்து மாறும். இரண்டும் ஆஸ்திரேலிய மண்தான் என்றாலும் பெர்த்தில் சர்வதேச முனையத்திலிருந்துதான் கிளம்புகிறார்கள், சுங்கச் சோதனையும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஆஸ்திரேலிய விசா கட்டாயம். பெர்த்திலிருந்து ஊருக்குத் திரும்பும் விமானத்தைத் தனி டிக்கெட்டாக வாங்கினால், தீவிலிருந்து வந்துசேரும் நாளுக்கும் அதற்கும் இடையில் குறைந்தது இரண்டு நாள் விடுங்கள், மழைக்காலமென்றால் மூன்று.